மினுக்கம் வரும் வரை: பன்றிக்கறி டெரியாகி, நான்கு இரவுகள்

சீக்கிரம் முடிகிற சாப்பாடு என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். அடுப்பில் பத்து நிமிட வேலை, அதற்கு முன்னால் வெட்ட, துருவ ஒரு கால் மணி நேரம். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் ஒழுங்காக வருவதற்கு எனக்கு நான்கு இரவு பிடித்தது. ஒவ்வொரு இரவும் என்ன செய்தேன், எங்கே கெட்டது, மறுமுறை எதை மாற்றினேன் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்திருந்தேன். அந்தக் கிறுக்கலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

செய்ய நினைத்தது இதுதான்: பன்றிக்கறியை மெல்லிய துண்டுகளாகப் போட்டு வறுத்து, சோயா சாஸ், மிரின் என்கிற இனிப்பான சமையல் மது, சாகே என்கிற அரிசி மது, சர்க்கரை, இஞ்சி சேர்ந்த சாறு அதன் மேல் பளபளவென்று ஒட்டும்படி சுண்ட விடுவது. ஜப்பானில் இஞ்சி தூக்கலாக இருந்தால் ஷோகாயாகி என்பார்கள். ஷோகா என்றால் இஞ்சி, யாகி என்றால் சுட்டது அல்லது வாட்டியது. மினுக்கம் முக்கியமாக இருந்தால் டெரியாகி. அதில் வரும் 'தெரி' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் பளபளப்பு என்று பொருள். நான் செய்தது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்று. பெயர்ச் சண்டைக்கு நான் வரவில்லை.

மூன்று பேருக்கான அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு இரவும் இது பெரிதாக மாறவில்லை. பன்றியின் முதுகுப் பக்கத்துக் கறி 300 கிராம், 5 மில்லிமீட்டர் கனத்தில் எட்டுத் துண்டு. சோயா சாஸ், மிரின், சாகே மூன்றும் தலா இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி. சர்க்கரை ஒரு தேக்கரண்டி. கட்டைவிரல் அளவு இஞ்சி, துருவியது. அரை வெங்காயம். மேலே தூவ ஒரு மேசைக்கரண்டி மாவு. கூட வைத்துச் சாப்பிட முட்டைகோஸும் சோறும். தனியாக உப்பு கிடையாது. சாதாரண ஜப்பானிய சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 5 கிராம் உப்பு இருக்கிறது. உப்பில்லாத சோற்றோடும் கோஸோடும் சேர்த்துச் சாப்பிட அதுவே போதும். வெளிர் நிற சோயா சாஸ் என்று இன்னொன்று உண்டு, உசுகுச்சி. நிறம் குறைவாக இருப்பதால் உப்பும் குறைவு என்று நினைத்து ஊற்றக் கூடாது. உண்மையில் அதில்தான் உப்பு கூடுதல்.

முதல் இரவு

நம்மில் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கறி எவ்வளவு நேரம் மசாலாவில் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. நானும் அப்படித்தான். சாறு முழுவதையும் கலக்கி, இஞ்சியை ஒன்றுக்கு இரண்டாகத் துருவிப் போட்டு, கறியை அதில் முக்கி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பிறகு வாணலியைச் சூடாக்கி, கறியையும் சாறையும் ஒன்றாகக் கவிழ்த்தேன். 'சொய்ங்' என்று ஒரு சத்தம், அரை நொடி. அதோடு அடங்கிவிட்டது. அப்புறம் கேட்டதெல்லாம் கொதிக்கிற சத்தம்தான்.

அந்தச் சத்தம் மாறியதே போதும், பாதி விஷயம் அதிலேயே இருந்தது என்று பிறகு புரிந்தது. வாணலியில் தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பொன்னிறமாகி வறுத்த வாசனை வர வேண்டுமென்றால் மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேலே போக வேண்டும். சாற்றில் கிடக்கிற கறி எப்படிப் போகும்? கறியிலிருந்தும் தண்ணீர் விட, எட்டுத் துண்டும் சாம்பல் நிறமாகி வெந்துகொண்டிருந்தன. சாறு சுண்டட்டும் என்று ஏழெட்டு நிமிடம் காத்திருந்தேன். சாறு சுண்டுவதற்குள் கறி நாராகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் உள்ளே நாராக இருந்த கறி வெளியே கொழகொழவென்று இருந்தது. காரணம் இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற நொதி ஒன்று உண்டு. பப்பாளிக்காய் போட்டால் கறி மெத்தென்று ஆகிறதே, அதே மாதிரி வேலை. பத்து நிமிடம் பட்டால் நல்லது. மெல்லிய துண்டில் இரண்டு மணி நேரம் பட்டால் மேல்பகுதி மாவாகிவிடும். அளவுக்கு மீறினால் அமிர்தமும் நஞ்சு என்பதை இஞ்சியிடம் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு கோளாறும் நடந்தது. துண்டுகள் எல்லாம் வேகும்போது கிண்ணம் மாதிரி குவிந்துகொண்டன. ஓரத்துக் கொழுப்புக்கும் கறிக்கும் நடுவில் ஒரு சவ்வு ஓடுகிறது. சூடு பட்டதும் அது கறியைவிட வேகமாகச் சுருங்கி, கயிற்றை இழுத்த சுருக்குப்பை போலத் துண்டை மடக்கிவிடுகிறது. நடுப்பகுதி மட்டும் வாணலியில் ஒட்ட, ஓரமெல்லாம் காற்றில் நின்றது.

தட்டில் வைத்தேன். மகள் ஒரு துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, தெரின்னா பளபளப்புன்னு சொன்னீங்க. தெரியவே இல்லையே?" பேசாமல் சாப்பிட்டு முடித்தோம்.

இரண்டாவது இரவு

இந்த முறை ஊற வைக்கவே இல்லை. சவ்வை வெட்டினேன். இதற்கு ஜப்பானியச் சமையலில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், சுஜிகிரி, அதாவது நரம்பு வெட்டு. கத்தியின் நுனியைக் கொழுப்பும் கறியும் சேரும் கோட்டில் வைத்து, 2 செ.மீ.க்கு ஒன்றாகச் சிறு கீறல். கொழுப்பை அறுத்து எடுத்துவிடக் கூடாது, சவ்வு துண்டிக்கப்பட்டால் போதும். ஒரு துண்டுக்கு நான்கைந்து கீறல், எட்டுத் துண்டும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பலன் கண்கூடு. எல்லாத் துண்டும் வாணலியில் தாள் மாதிரி படுத்தே கிடந்தன.

அடுத்து மாவு. ஜப்பானில் இதற்குக் கதகுரிகோ போடுவார்கள். கதகுரி என்கிற ஒரு காட்டுச் செடியின் கிழங்கிலிருந்து ஒரு காலத்தில் எடுத்த மாவு அது. பெயர் மட்டும் அப்படியே நிற்க, இன்று பொட்டலத்துக்குள் இருப்பது உருளைக்கிழங்கு மாவு. என்னிடம் கார்ன்ஃப்ளவர்தான் இருந்தது. கறியின் ஈரத்தைத் தாளால் ஒற்றிவிட்டு, மெல்லத் தூவி, உபரியைத் தட்டிவிட்டேன். மாவு இரண்டு வேலை செய்கிறது. கறியிலிருந்து கசிகிற நீரை உறிஞ்சி வறுபட விடுகிறது. பிறகு சாறு வந்து சேரும்போது அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவில்லாத வழவழத்த கறியில் சாறு நிற்காமல் வழிந்து ஓடும்.

இரும்பு வாணலியில் கறி அழகாகச் சிவந்தது. பெருமையாக இருந்தது. கலக்கி வைத்த சாற்றை ஊற்றினேன். நல்ல சத்தம். பெரிய தீ. சரி, இது சுண்ட இரண்டு நிமிடமாவது ஆகும், அதற்குள் கோஸை நறுக்கிவிடலாம் என்று திரும்பினேன்.

அந்த நினைப்புதான் கெடுத்தது. முட்டைகோஸை நூல் மாதிரி நறுக்குவது அவசரத்தில் ஆகிற காரியமில்லை. பன்றிக்கறியோடு பச்சைக் கோஸ் வைக்கிற வழக்கத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். டோக்கியோவில், கின்சா பகுதியில், 1895-இல் தொடங்கிய ரெங்காதெய் என்ற உணவகம் இருக்கிறது. வறுத்த கறிக்குப் பக்கத்தில் முதலில் வேக வைத்த காய்களைத்தான் வைத்தார்களாம். 1904-இல் ரஷ்யாவுடன் போர் வந்து ஆட்கள் போருக்குப் போய்விட, காய் வேக வைக்க ஆளில்லாமல் பச்சைக் கோஸை நறுக்கி வைக்க ஆரம்பித்தார்களாம். ஆள் பற்றாக்குறையால் வந்த கோஸ். என் சமையலறையிலும் அன்று அதே பற்றாக்குறைதான், ஆனால் இங்கே கோஸ் நறுக்கப் போனதால்தான் அடுப்பைப் பார்க்க ஆளில்லை.

"ஏங்க, கருகுதுங்க!"

மனைவியின் குரல் கேட்டுத் திரும்பியபோது வாணலியில் சாறு இல்லை. கருந்தார் மாதிரி ஒரு படலம், அதிலிருந்து புகை. அடுப்பை அணைத்தேன், பயனில்லை. கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தன் பாட்டுக்குக் கருக்கிக்கொண்டிருந்தது. மினுக்கம் வந்ததென்னவோ உண்மை, தார் ரோட்டின் மினுக்கம். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏன் இவ்வளவு வேகமாகக் கருகியது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒரு காரணம் சாற்றின் இயல்பே. சோயா சாஸில் அமினோ அமிலங்கள் நிறைய. மிரினில் குளுக்கோஸ் நிறைய. இந்த இரண்டும் சேர்ந்து சூடு பட்டால்தான் அந்தச் செந்நிறமும் வாசனையும் வருகின்றன, அதே ஜோடிதான் கொஞ்சம் தாண்டினால் கருகவும் செய்கிறது. தண்ணீர் இருக்கும் வரை 100 டிகிரியில் கட்டிப் போட்டிருக்கும். முதல் இரவு எனக்கு எதிரியாக இருந்த அதே தண்ணீர்தான் இரண்டாவது இரவு காவலுக்கு நின்றிருக்கிறது. அது போனதும் சூடு கிடுகிடுவென்று ஏறும்.

இன்னொரு காரணம் என் மிரின் பாட்டில். லேபிளை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். உண்மையான மிரின் ஒரு மது. பசை அரிசி, கோஜி பூஞ்சை பிடித்த அரிசி, ஷோச்சு என்கிற சாராயம் மூன்றையும் சேர்த்து நாள்கணக்கில் வைப்பார்கள். கோஜி அரிசியின் மாவுச்சத்தை இனிப்பாக மாற்றும். வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்காமலே தேன் நிறத்தில் இனிப்பான திரவம் கிடைக்கும். சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். இதை ஹொன்மிரின் என்பார்கள். நான் வாங்கியது மிரின் மாதிரி செய்த சுவையூட்டி. ஆல்கஹால் 1 சதவீதத்துக்கும் கீழே, மற்றதெல்லாம் சர்க்கரைப் பாகு. தப்பான பொருள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு மேலே நான் இன்னும் சர்க்கரையும் போட்டிருந்தேன். பாகின் மேல் பாகு. மிரினே கிடைக்காதவர்கள் மூன்று பங்கு சாகேக்கு ஒரு பங்கு சர்க்கரை கலந்து சமாளிக்கலாம், சுவை பெரிதாகக் கெடாது. மினுக்கம் மட்டும் ஒரு படி குறையும்.

வாணலியைப் பற்றி ஒரு வார்த்தை. கருகிய சர்க்கரையைச் சுரண்டிக் கையை நோகடிக்க வேண்டாம். சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால், அந்தப் படலம் தானாகக் கரைந்து கழன்று வரும். மரக்கரண்டியால் ஒதுக்கினால் போதும். சூடாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடலாம், ஆகவே ஆறட்டும்.

மூன்றாவது இரவு

இந்த முறை கத்தியைத் தொடுகிற வேலை அத்தனையும் முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பது என்று முடிவு செய்தேன். சோற்றில் தொடங்கினேன். சோறு தயாராக ஒரு மணி நேரம் ஆகும் என்பதை வேகமான சாப்பாடு என்று எழுதுகிறவர்கள் சொல்வதில்லை. ஜப்பானியக் குட்டை அரிசி, அவர்கள் அளவில் இரண்டு 'கோ'. ஒரு கோ என்பது 180 மில்லி, எடையில் 150 கிராம். ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப்பு இந்த அளவுதான். சமையல் குறிப்புகளில் வரும் ஜப்பானியக் கப்பு 200 மில்லி. இரண்டையும் குழப்பிக்கொண்டு முந்தின முறை சோற்றைக் குழைத்திருந்தேன். 300 கிராம் அரிசியைக் கழுவி, 400 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, வேக வைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டேன்.

அரிசி ஊறுகிற நேரத்தில் கோஸ். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, நடுத்தண்டை நீக்கி, நான்கைந்தை அடுக்கிச் சுருட்டி, நரம்புக்குக் குறுக்காக மெல்ல மெல்லச் சீவினேன். குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, நன்றாக வடித்து, துணியில் சுற்றி ஈரத்தை எடுத்தேன். இந்தக் கடைசி வேலையைத் தவிர்த்தால் தட்டில் தண்ணீர் கோத்துச் சாறு நீர்த்துப்போகும்.

சாற்றைக் கிண்ணத்தில் கலந்து சர்க்கரை கரையும் வரை கலக்கினேன். இந்த முறை ஹொன்மிரின். இஞ்சியில் பாதியைத் துருவிச் சாற்றோடு சேர்த்தேன்; மீதிப் பாதியைக் கையில் பிழிந்து சாறு மட்டும் எடுத்து ஓரமாக வைத்தேன், கடைசியில் சேர்க்க. சூட்டில் இஞ்சியின் காரம் அடங்கி இனிப்பு வாசனையாக மாறிவிடுகிறது. அதுவும் வேண்டும், பச்சைக் காரமும் வேண்டும். காய்ந்த இஞ்சிக்குக் கூடுதல் காரம் தருகிற பொருளுக்கு வேதியியலில் ஷோகோல் என்று பெயர். ஜப்பானிய ஷோகாவிலிருந்து வைத்த பெயர்தான் அது.

அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒட்டாத பூச்சு போட்ட 28 செ.மீ. அகல வாணலி, மிதமான தீக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். கறியை நான்கு நான்காக இரண்டு தவணையில் போட்டேன். எட்டையும் ஒரே நேரத்தில் போட்டால் வாணலி குளிர்ந்து, முதல் இரவின் கதை திரும்பும். முதல் பக்கம் ஒன்றரை நிமிடம், தொடாமல். ஓரத்தில் வெள்ளை ஏறி, மேல்பக்கத்தில் சிவப்பு மங்கத் தொடங்கும்போது திருப்பினேன். மறுபக்கம் அரை நிமிடம், பிறகு புதிய தட்டில் எடுத்து வைத்தேன். பச்சைக்கறி இருந்த தட்டிலேயே மறுபடி வைக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது இரவு நான் அதைத்தான் செய்யப் போனேன்.

கறி எடுத்த பிறகு வாணலியில் எண்ணெயும் பன்றிக்கொழுப்பும் சேர்ந்து குளம் கட்டியிருந்தது. இதை மறக்காமல் துடைக்க வேண்டும். சமையல் தாள் ஒன்றை மடித்து இடுக்கியால் பிடித்து, ஒரு மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும்படி ஒற்றி எடுத்தேன். கொழுப்பு இருந்தால் சாறு கறியில் ஒட்டாது. எண்ணெய் மேலே மிதக்க, மினுக்கத்துக்குப் பதில் பிசுக்குதான் கிடைக்கும். வீட்டுச் சமையலில் டெரியாகி சொதப்புகிற பல இடங்களில் குற்றவாளியைத் தேடுவது சர்க்கரை அளவில். தப்பு இருப்பது இந்தத் துடைக்காத கொழுப்பில் என்பது என் எண்ணம்.

அரை வெங்காயத்தை அரை செ.மீ. கனத்தில் வெட்டி, அதே வாணலியில் இரண்டு நிமிடம் வதக்கினேன், கண்ணாடியாகும் வரை மட்டும். தீயைச் சிம்முக்கு இறக்கிவிட்டுச் சாற்றை ஊற்றினேன். தீயைக் குறைத்தது சாகேக்காக. எரிவாயு அடுப்பில் பெரிய தீ வாணலியின் ஓரத்தை நக்கும்போது ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்ளலாம். ஊற்றி முடித்ததும் மறுபடி மிதமான தீ.

இனி நடக்கிறதுதான் இந்தச் சமையலே. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்பின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அரை நிமிடம் குமிழிகள் சின்னவை, எண்ணற்றவை, வந்த வேகத்தில் உடைகிறவை. தண்ணீர் கொதிக்கிற சத்தம். மூக்கைத் தூக்குகிற மது வாடை. அது போனதும் வாசனை இனிப்புக்குத் திரும்புகிறது. முக்கால் நிமிடம் தாண்டியபோது குமிழிகள் பெரிதாகத் தொடங்கின. ஒவ்வொன்றும் எழுந்து, ஒரு கணம் நின்று, சோம்பலாக உடைந்தது. சத்தமும் தடித்தது; சலசலப்பு போய் 'பொத் பொத்' என்று கேட்டது. நிறம் தேநீரிலிருந்து வெல்லப்பாகுக்கு வந்தது. மரக்கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்தேன். சாறு உடனே வந்து மூடினால் இன்னும் நேரமிருக்கிறது. கோடு ஒரு நொடி திறந்தே நின்று, பிறகு மெதுவாக மூடியது. கம்பிப் பதத்துக்கு இன்னும் கொஞ்சம் முன்னால், அந்த இடம்.

அங்கே கறியை உள்ளே போட்டேன், தட்டில் தேங்கியிருந்த கறி நீரையும் சேர்த்து. அதனால் சாறு கொஞ்சம் நீர்க்கும், பரவாயில்லை, அதுவே எனக்கு அரை நிமிடம் அவகாசம் கொடுத்தது. இடுக்கியால் ஒவ்வொரு துண்டையும் பிடித்து இரண்டு பக்கமும் சாற்றில் புரட்டினேன். கறியில் ஒட்டியிருந்த மாவு சாற்றை இழுத்துக்கொண்டது. இரண்டாவது புரட்டலில், மேலே இருந்த குழல் விளக்கு துண்டின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்தது. இஞ்சிச் சாற்றைத் தெளித்து, அடுப்பை அணைத்து, வாணலியை அடுப்பிலிருந்தே நகர்த்தி வைத்தேன். இரும்பு கற்றுத் தந்த பாடம்.

காலண்டர் தாளில் இருந்து: கறி இரண்டு தவணைக்கு நாலரை நிமிடம், துடைப்பு, வெங்காயம் இரண்டரை, சாறு சுண்ட ஒன்றேகால், புரட்ட அரை. ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்தது.

சோறு, கோஸ் மலை, அதன் மேல் சாய்த்து வைத்த கறி. வாணலியில் மிஞ்சிய சாறு கோஸின் மேல். கோஸ் வெறுமையாக, குளிர்ச்சியாக, மொறுமொறுவென்று இருப்பதால்தான் அந்த இனிப்பும் உப்பும் திகட்டவில்லை. மகள் விளக்கில் திருப்பிப் பார்க்கவில்லை. நேராக வாயில் போட்டாள். "இப்போ தெரியுது" என்றாள். மனைவி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டதைக் கவனித்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு குறை இருந்தது, எழுதி வைத்திருக்கிறேன். கார்ன்ஃப்ளவர் பூச்சு ஆறியதும் கொஞ்சம் மங்கியது. பிறகு உருளைக்கிழங்கு மாவில் செய்து பார்த்தபோது படலம் கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது. கிடைத்தால் அதுவே மேல்.

நான்காவது இரவு

நன்றாக வந்ததும் கை சும்மா இருக்குமா? எலும்போடு கூடிய இரண்டரை செ.மீ. கனத் துண்டுகள் இரண்டு வாங்கி, அதே சாற்றில் செய்து பார்த்தேன். இங்கே மெல்லிய கறியின் நேரக்கணக்கு எதுவும் செல்லாது. மேலே சிவந்த பிறகும் நடுவில் பச்சையாகவே இருக்கும். கண்ணை நம்பாமல், குத்திப் பார்க்கிற வெப்பமானியை எடுத்தேன். முழுத் துண்டு பன்றிக்கறிக்கு நடுவில் 63 டிகிரி வந்து, அப்புறம் மூன்று நிமிடம் ஆற விட்டால் போதும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-இல் அளவைத் திருத்தியது. அதற்கு முன்னால் 71 சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொத்துக்கறிக்கு இன்றும் 71தான்.

சவ்வைக் கீறி, பக்கத்துக்கு நான்கு நிமிடம் மிதமான தீயில், அப்புறம் கொழுப்பு விளிம்பை வாணலியில் நிமிர்த்திப் பிடித்து ஒரு நிமிடம். எலும்பை விட்டுத் தள்ளி நடுவில் குத்தினால் 57. மூடி போட்டுச் சிம்மில் இரண்டு நிமிடம், 61. வெளியே எடுத்துக் கொழுப்பைத் துடைத்து, சாற்றைச் சுண்ட வைத்து, திரும்பப் போட்டுக் கரண்டியால் மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுபடி குத்தினேன், 65. அதற்குள் சாறு கொஞ்சம் தாண்டிவிட்டது, கோடு இழுத்தால் மூடவே இல்லை. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி உலுக்கியதும் சாறு தளர்ந்து திரும்ப வந்தது. கசப்பு தட்டாத வரைக்கும் இப்படி மீட்டுவிடலாம். கசந்துவிட்டால் கொட்டத்தான் வேண்டும்.

மூன்று நிமிடம் ஆற விட்டு விரல் கனத்தில் அறுத்தேன். நடுவில் லேசான இளஞ்சிவப்பு, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கரை. கறி மெத்தென்று இருந்தது, ஆனால் சாறு மேற்பரப்பில் மட்டும்தான் பிடித்திருந்தது. உள்ளே சப்பென்று இருந்தது. அறுத்த முகங்களை வாணலியில் மிஞ்சியதில் தொட்டுத் தொட்டுத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. மெல்லிய துண்டே இதற்குப் பொருத்தம் என்று எழுதிவிட்டு, எலும்பை மகளிடம் கொடுத்தேன்.